தீர்ப்பு வந்து அரை மணித்தியாலத்தில் கதைக்கும் பேராசிரியர்கள்

ஜூன் 28, 2025, காலை

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டது, அப்படியே போடுகிறேன்:

"நேற்று காணி வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் தடை போட்ட செய்தி வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, யூரியூப்பில் ஒரு சட்டப் பேராசிரியர் வந்து வர்த்தமானி செத்துப்போச்சு, சனம் இனி ஒன்றும் செய்யத் தேவையில்லை என்கிறார். இன்னொரு விரிவுரையாளர் இது தற்காலிக ஆறுதல் மட்டும்தான் என்கிறார். இரண்டு பேரும் சட்டம் படிப்பிக்கிறவர்கள். யாரை நம்புவது? உவையள் தீர்ப்பை வாசித்துவிட்டுத்தான் கதைக்கிறார்களா?"

ஜூன் 28, மத்தியானம்

வாசித்திருக்க மாட்டார்கள். வாசிக்க அங்கே பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. நேற்று வந்தது தீர்ப்பே இல்லை, இடைக்காலத் தடையுத்தரவு. மனுவை விசாரித்து முடிக்கும்வரை மார்ச் 28 வர்த்தமானியை நடைமுறைப்படுத்தாதே என்பதுதான் விசயம். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து காட்டுங்கள், காட்டாவிட்டால் அரச காணி என்று சொன்ன வர்த்தமானி அது. அந்த மூன்று மாதம் இன்றோடு முடிகிறது, முடிவதற்கு முதல்நாள் தடை வந்தது, ஆனபடியால் சனம் பெருமூச்சு விட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வர்த்தமானி சட்டப்படி சரியா பிழையா என்பதற்கு நீதிமன்றம் இன்னும் முடிவு சொல்லவில்லை. அது இனித்தான்.

ஆக, இரண்டாமவர் சொன்னது சரி. முதலாமவர் பேராசிரியர், இவர் வெறும் விரிவுரையாளர் என்பதெல்லாம் இதில் எடுபடாது.

ஜூன் 28, இரவு

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், நீங்கள் சட்டத்தரணியா" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. கனகாலம் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் இரவு மேசையில் இருந்தவன். கொழும்பில் பெரிய தீர்ப்பு வருகிற நாளில் சட்டம் படிப்பிக்கிறவர்களுக்குப் போன் எடுத்து "சேர், ஒரு கருத்து" என்று கேட்பது என் தலையில்தான் விழும்.

அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கொழும்பில், நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் பின்னேரம் தீர்ப்பு வாசிப்பார்கள். கொழும்பு நிருபர் வாசல் படியில் நின்றுகொண்டு வென்றாச்சு, தோற்றாச்சு என்று இரண்டு வரி சொல்லுவார். முழுத் தீர்ப்பு கையில் வர அடுத்த நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம், வந்தாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே முதல் பக்கம் இரவு பதினொரு மணிக்கு முன் இயந்திரத்துக்குப் போகவேண்டும். அந்த இடைவெளிக்குள் நான் போன் எடுக்கிறேன்.

மறுமுனையில் இருக்கிற மனுசனும் அப்போதுதான் என் வாயால் தீர்ப்பைக் கேள்விப்படுகிறார். "தம்பி, என்ன சொல்லியிருக்கினம்? எந்த உறுப்புரையிலை?" என்று அவர் என்னைக் கேட்பார். எனக்குத் தெரியாது. "எத்தினை பேர் அமர்வு? ஏகமனதோ?" அதுவும் தெரியாது. கடைசியில் அவர் சொல்லுவது இப்படித்தான் இருக்கும்: "நான் இன்னும் தீர்ப்பைப் பார்க்கேல்லை, ஆனா நீர் சொல்லுறது சரியெண்டால், இதாலை மாகாணத்தின்ரை அதிகாரம் குறையலாம், எண்டாலும் முழுசா வாசிச்சுத்தான் சொல்லவேணும்." காலையில் பத்திரிகையில் வருவது: "மாகாண அதிகாரம் பறிபோகிறது: சட்டப் பேராசிரியர் எச்சரிக்கை."

நடுவில் இருந்த "சரியெண்டால்", "குறையலாம்", "வாசிச்சுத்தான்" மூன்றும் எங்கே போயின? தலைப்புக்கு இடம் காணாது. அவ்வளவுதான் காரணம், சதி ஒன்றும் இல்லை. ஒரு விரிவுரையாளர் அடுத்த நாள் பத்திரிகையைக் கையில் கொண்டு கந்தோருக்கே வந்தார். சிவப்புப் பேனையால் தலைப்பைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சத்தம் போடவில்லை, பேப்பரை மேசையில் வைத்துவிட்டு "நான் சொன்னதிலை எது மிச்சம்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு என் போனை அவர் எடுத்ததில்லை.

ஜூன் 29

மேலே கேட்ட கேள்விக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.

என் மாமியின் காணி அந்த வர்த்தமானிப் பட்டியல் சொல்லும் பகுதிக்குள் வருகிறது. அவவிடம் காணி உறுதி இருக்கிறது, 1960களில் எழுதியது, ஒரு மூலை கறையான் அரித்தது, ஆனால் இலக்கமும் நொத்தாரிசின் கையெழுத்தும் தெளிவாய் இருக்கின்றன. சேலை வாங்கின பொலித்தீன் பையில் அதையும் தோம்பு என்கிற காணிப் பதிவேட்டின் பிரதியையும் சுற்றி, நில அளவைப் படத்தையும் மடித்து வைத்து, போன கிழமை முழுக்க என்னோடு பிரதேச செயலகத்துக்கும் சட்டத்தரணி வீட்டுக்குமாக அலைந்தா. 27ஆம் திகதி இரவு கனடாவில் இருந்து மச்சான் போன் எடுத்து, "வழக்கு வெண்டிட்டுதாம், பேராசிரியர் ஒராள் சொல்லுறார், அம்மாவை அலைக்கழிக்காதேங்கோ" என்கிறான். மாமி பையை எடுத்துக்கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிட்டா.

அந்த ஒரு பேச்சு செய்த வேலை இது. சட்டத்தரணி என்ன சொன்னார் என்றால், தடை இருக்கிறது என்பதற்காகப் பத்திரங்களைத் தேடிச் சேர்க்கிற வேலையை விடாதேங்கோ, இறுதித் தீர்ப்பு எப்படி வந்தாலும் அவை தேவை என்றார். மாமிக்கு அது ஏறவில்லை. "படிச்ச ஆள் சொல்லுறார், நீர் அதுக்கு மேலையோ" என்கிறா. நான் பத்திரிகையில் இருந்தவன் என்பதை அவ ஒருநாளும் ஒரு தகுதியாக எடுத்ததில்லை, அது வேறு கதை.

ஜூன் 29, பின்னேரம்

திருநெல்வேலியில் இருந்து எழுதியவருக்கு: ஆம், அந்த யூரியூப்காரர் உண்மையில் பேராசிரியர்தானா என்று நானும் தேடினேன். படிப்பிக்கிறவர்தான், ஆனால் வேறு துறைச் சட்டம். வணிகச் சட்டம் படிப்பிக்கிறவரைக் காணிக்கும் அரசியலமைப்புக்கும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். "சட்டம்" என்று பெயரில் இருந்தால் போதும். கண் வைத்தியரிடம் இதய ஒப்பரேசனைப் பற்றிக் கேட்க மாட்டோம், இங்கே மட்டும் கேட்போம்.

ஜூலை 1

மூத்தவர் ஒருவர் 2006ஐ நினைவுபடுத்துகிறார். நல்ல உதாரணம், அதிலேயே கொஞ்சம் நிற்கிறேன்.

2006 ஒக்ரோபர் 16, வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்று சரத் என். சில்வா பிரதம நீதியரசராக இருந்த அமர்வு தீர்ப்புச் சொன்னது. அப்போது யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி பூட்டி இரண்டு மாதம். முகமாலைப் பக்கம் அடிபாடு. பத்திரிகைக் கடதாசி வராமல் பக்கத்தைக் குறைத்துக் குறைத்து அடித்துக்கொண்டிருந்தோம், ஊரடங்குக்கு முன்னமே வேலையை முடிக்கவேண்டும். கருத்துக் கேட்க லைன் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த ஒருவரும் "இனி இணைப்பே இல்லை" என்றார், போட்டோம்.

அந்தத் தீர்ப்பில் இருந்த விசயம் வேறு. 1988 செப்ரெம்பரில் அப்போதைய சனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனா பிரகடனத்தால் இரண்டு மாகாணத்தையும் இணைத்தார். அப்படி இணைப்பதற்கு மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைத்திருந்தது: ஆயுதங்கள் ஒப்படைக்கப்படவேண்டும், சண்டை நின்றிருக்கவேண்டும். அது நிறைவேறவில்லை. ஆகவே அவசரகால ஒழுங்குவிதி ஒன்றைப் போட்டு அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். அவசரகால ஒழுங்குவிதியால் அதைச் செய்ய முடியாது, ஆகவே பிரகடனமும் செல்லாது என்பதுதான் தீர்ப்பின் முதுகெலும்பு. பக்கத்துப் பக்கத்து மாகாணங்கள் இரண்டையோ மூன்றையோ பாராளுமன்றம் சட்டம் போட்டு ஒரு நிர்வாக அலகாக்கலாம் என்று அரசியலமைப்பின் 154அ(3) சொல்லுகிறது. அந்த உறுப்புரையை நீதிமன்றம் தொடவில்லை, அது இன்றும் அப்படியே இருக்கிறது.

பாராளுமன்றம் செய்யுமா என்பது அரசியல், அதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். ஆனால் "சட்டப்படி இனி முடியவே முடியாது" என்பதும் "இந்த வழியால் செய்தது செல்லாது" என்பதும் ஒன்றா? இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தானே சட்டம் படிப்பிக்கிற ஒருவரைத் தேடிப் போகிறோம். இணைப்பு போய்விட்டது என்பதைச் சொல்ல சந்தையில் மீன் விற்கிறவர் போதும், அவர் எங்களுக்கு முதலே சொல்லிவிட்டார்.

ஜூலை 2

"நீங்கள் பேராசிரியர்மாரைக் குறை சொல்லியே பழகிவிட்டீர்கள்." சரி, 2018ஐ எடுப்போம்.

ஒக்ரோபர் 26 இரவு மைத்திரிபால சிறிசேன ரணிலைத் தூக்கிவிட்டு மகிந்தவைப் பிரதமராக்கினார். நவம்பர் 9 பாராளுமன்றத்தைக் கலைத்தார். 13ஆம் திகதி இடைக்காலத் தடை. டிசம்பர் 13 ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக, கலைத்தது அரசியலமைப்புக்கு விரோதம் என்றார்கள். சம்பந்தன் ஐயாவின் பெயரில் அந்த வழக்கு நிற்கிறது.

அந்த ஏழு கிழமைகளில் சட்டம் படிப்பிக்கிறவர்கள் செய்த வேலை மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. எடின்பரோவில் படிப்பிக்கும் அசங்க வெலிக்கல அடுத்த நாளே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். உறுப்புரை 33(2)(இ) சனாதிபதிக்குக் கலைக்கும் அதிகாரம் கொடுக்கிறது, ஆனால் 70(1) நாலரை வருசம் முடியுமுன் கலைக்காதே, கலைப்பதென்றால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு பாராளுமன்றமே கேட்கவேண்டும் என்கிறது. முதலாவது தனியே நிற்குமா, இரண்டாவதோடு சேர்த்து வாசிக்கவேண்டுமா? கேள்வி இவ்வளவுதான். இதை ஒருவர் தெளிவாய் எழுதிவிட்டால் பிறகு யாரும் வாசித்து விளங்கலாம். தேத்தண்ணிக் கடையில் "எழுபதின் ஒண்டு" என்று சனம் கதைத்ததைக் காதால் கேட்டேன். தீர்ப்பு வந்த நாளில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அதில் கவனிக்கவேண்டியது, நல்ல விளக்கம் எல்லாம் தீர்ப்புக்கு முதல் வந்தது. தீர்ப்புக்குப் பிந்தின அரை மணித்தியாலத்தில் வரவில்லை.

ஜூலை 3

ஜி.எல். பீரிஸை விட்டுவிட்டீர்களே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். விடவில்லை, வைத்திருந்தேன்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்தவர், துணைவேந்தராகவும் இருந்தவர், அறிவில் குறை சொல்ல ஏலாது. 2018இல் அவர் மகிந்த பக்கத்துக் கட்சியான பொதுஜன பெரமுனவின் தவிசாளர். பிரதமரை மாற்றியது சட்டப்படி சரி என்று ஊடகங்களுக்குச் சொன்னார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, கட்சிக்காரர் கட்சிக்குத்தான் கதைப்பார். என் பிரச்சினை செய்தி ஆசிரியர்களோடு. கட்சித் தவிசாளர் என்று போடவேண்டிய இடத்தில் "பேராசிரியர்" என்று போடுவார்கள். கீழே வாசிக்கிறவன் இதைப் பல்கலைக்கழகத்தின் குரல் என்று எடுத்துக்கொள்ளுவான்.

எங்கள் பக்கமும் இப்படித்தான், வேறு விதமில்லை. மனுவை வரைந்து கொடுத்தவரையே "சட்ட நிபுணர்" என்று கூப்பிட்டு அந்த மனுவைப் பற்றிக் கருத்துக் கேட்டிருக்கிறோம்.

ஜூலை 3, இரவு

அந்த மனுவை வரைந்தவர் யார் என்று கேட்கிறார்கள். இல்லை, பெயர் சொல்ல மாட்டேன்.

ஜூலை 5

"யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே சட்டத்துறை இருக்கிறது. அவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? ஏன் எப்போதும் கொழும்பில் இருந்தும் லண்டனில் இருந்தும் விளக்கம் வருகிறது?"

இது மேலோட்டமாகக் கேட்கிற கேள்வி, ஆனால் விடை மேலோட்டமானதில்லை. முதலாவது, அவர்கள் எழுதுகிறார்கள், நீங்கள் பார்ப்பதில்லை. ஆய்வு இதழில், ஆங்கிலத்தில். இரண்டாவது, வாய் திறந்தவருக்கு நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். குமாரவடிவேல் குருபரன் சட்டத்துறைத் தலைவராக இருந்தார். நாவற்குழியில் 1996இல் காணாமலாக்கப்பட்ட இளைஞர்களுக்கான ஆட்கொணர்வு மனுக்களில் யாழ் மேல் நீதிமன்றத்தில் ஆஜரானார். விரிவுரையாளர் ஒருவர் எப்படி வழக்குப் பேசலாம் என்று இராணுவம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேள்வி எழுப்பியது. 2019இல் தனிப்பட வழக்குப் பேசத் தடை வந்தது. 2020 யூலையில் அவர் பதவியை விட்டுப்போனார். அவர் போன பிறகு அந்தக் கட்டிடத்தில் இருக்கிற ஒரு இளம் விரிவுரையாளர், பதவி இன்னும் உறுதிப்படுத்தப்படாதவர், என்னைப்போல் ஒருவன் இரவு ஒன்பது மணிக்குப் போன் எடுத்தால் என்ன செய்வார்? "பெயர் போடாதேங்கோ அண்ணை" என்பார். "சட்டத்துறை விரிவுரையாளர் ஒருவர்" என்று போடுவோம். பெயரில்லாத விளக்கத்தை யார் மதிப்பார்கள்?

மூன்றாவது, நீதிமன்ற அவமதிப்பு. அரசியல்வாதி ரஞ்சன் ராமநாயக்க 2017இல் நீதிபதிகளில் பெரும்பாலானோர் ஊழல்வாதிகள் என்று சொன்னதற்கு 2021 ஜனவரியில் நாலு வருசக் கடூழியச் சிறை கொடுத்தார்கள். அவர் கதைத்த விதத்தை ஒரு சட்ட ஆசிரியர் கதைக்க மாட்டார், தெரியும். ஆனால் கோடு எங்கே என்று அப்போது எழுத்தில் தெளிவாக இருக்கவில்லை. அவமதிப்புக்கென்று தனிச் சட்டம் 2024இல்தான் வந்தது. கோடு தெரியாத இடத்தில் மனுசர் இரண்டு அடி பின்னுக்குத்தான் நிற்பார்கள்.

ஜூலை 5, இரவு

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தபோது ஒன்று உறைக்கிறது. ஜூன் 28 முழுக்க அவசரப்பட்டுக் கதைக்காதேங்கோ என்று எழுதினேன். இன்று கதைக்கவில்லையே என்று கவலைப்படுகிறேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று அளவெட்டி வாசகர் கேட்க முதல் நானே கேட்கிறேன்.

பொறுப்பானவர்கள் எல்லோரும் "முழுவதும் வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒதுங்கினால் அந்த முதல் இரவு முழுக்க யூரியூப்காரருக்கு எழுதிக் கொடுத்த காணிதான். அவர் வாசிக்கமாட்டார், பொறுக்கவும் மாட்டார். ஆகவே முதல் இரவிலேயே ஒருவர் வரவேண்டும். வந்து இது இடைக்கால உத்தரவு, இறுதி இல்லை, இன்னும் இன்ன கேள்வி தீரவில்லை, பத்திரங்களை வைத்திருங்கள் என்று நாலு வசனம் சொன்னால் போதும். மிச்சத்தைப் பிறகு எழுதட்டும்.

ஜூலை 6

இந்த நோய் எங்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் பெரிய தொலைக்காட்சிகள் சட்டப் பேராசிரியர்களைச் சம்பளத்துக்கே வைத்திருக்கின்றன. 2012 ஜூன் 28, ஒபாமாவின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டத் தீர்ப்பு. சிஎன்என், பொக்ஸ் இரண்டும் சட்டம் தோற்றுவிட்டது என்று அறிவித்துவிட்டன. பிரதம நீதியரசர் ரொபேட்ஸ் முதலில் வர்த்தக அதிகாரத்தின் கீழ் இது நிற்காது என்று எழுதியிருந்தார், அதை வாசித்தவுடன் ஓடிவிட்டார்கள். பின்னால் வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் இது செல்லும் என்று எழுதியிருந்தார். சட்டம் பிழைத்தது. இவ்வளவு பணமும் ஆளும் இருக்கிற இடத்தில் இரண்டு பக்கம் புரட்டப் பொறுமை இல்லை.

ஜூலை 6, பின்னேரம்

இந்திய ஆளுநர் தீர்ப்பு எங்கள் ஆளுநரையும் கட்டுப்படுத்துமா என்று கேட்டவருக்கு: தமிழ்நாட்டு ஆளுநர் பற்றி ஏப்ரல் 8 இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது எங்கள் வடமாகாண ஆளுநரைக் கட்டுப்படுத்தாது. வேறு நாடு. சென்னை ரிவி விவாதங்களை அதிகம் பார்த்தால் இந்தக் குழப்பம் வரும், என் வீட்டிலும் வந்தது. எங்களுக்கு அரசியலமைப்பின் 154ஏ இருக்கிறது: மாகாண சபை நிறைவேற்றிய நியதிச்சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்பலாம், திரும்ப நிறைவேற்றினால் அங்கீகரிக்கலாம், அல்லது சனாதிபதி மூலம் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப ஒதுக்கி வைக்கலாம். ஆனால் முதலில் சபை என்று ஒன்று இருக்கவேண்டும். வடக்கில் அது 2018 ஒக்ரோபரோடு முடிந்தது, தேர்தல் இன்னும் இல்லை.

ஜூலை 8

"கோத்தாவும் மகிந்தவும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்த்த பிறகும் ஏன் ஒருவரையும் பிடிக்கவில்லை? பேராசிரியர்கள் இதைப்பற்றிக் கதைப்பதில்லையே."

கதைத்தார்கள், தலைப்பு அதை விழுங்கிவிட்டது. 2023 நவம்பர் 14 வந்தது அடிப்படை உரிமை வழக்கின் தீர்ப்பு, நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை. பொருளாதார நெருக்கடியில் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள், சட்டத்தின் முன் சமம் என்கிற உறுப்புரை 12(1) மீறப்பட்டது என்ற பிரகடனம் கிடைத்தது. மனுதாரர்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபா செலவுத்தொகை. இந்த வகை வழக்கில் சிறை இல்லை, அதற்குக் குற்றவியல் வழக்கு வேறாகப் போடவேண்டும். அதே வருசம் ஜனவரி 12 ஈஸ்ரர் குண்டுவெடிப்பு வழக்கில் மைத்திரிபாலவைப் பத்துக் கோடி கட்டச் சொன்னதும் நட்டஈடுதான், தண்டப்பணம் இல்லை. இந்த ஒரு விசயத்தை ஒவ்வொரு தீர்ப்போடும் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். திரும்பச் சொல்லுவது வகுப்பில் படிப்பிக்கிறவர்களுக்குப் பழகின வேலை, ஆனால் ஊடகத்துக்கு நேற்றுச் சொன்னது இன்று செய்தியில்லை.

நவம்பர் தீர்ப்பில் மாறுபட்டு எழுதிய அந்த ஒரு நீதியரசர் ஏன் அப்படி எழுதினார் என்று தமிழில் ஒரு பந்தி விளக்கமும் என் கண்ணில் படவில்லை. நாலு பேர் வென்ற பக்கம் எல்லோரும் கைதட்டினோம், ஐந்தாவது ஆள் எங்களுக்கு ஒரு செய்தியாகவே தெரியவில்லை.

ஜூலை 10

நல்லதாக ஒன்று சொல்லும் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

2017 ஓகஸ்ட் 4. தமிழரசுக் கட்சியின் நோக்கம் தனிநாடு, ஆகவே பிரிவினையைத் தடைசெய்யும் உறுப்புரை 157அ-இன் கீழ் அறிவியுங்கள் என்று 2014இல் மாவை சேனாதிராஜாவுக்கு எதிராகப் போட்ட மனு. பிரியசாத் டெப் பிரதம நீதியரசராக இருந்த அமர்வு மனுவைத் தள்ளியது: சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது, ஒற்றையாட்சி, சமஷ்டி என்ற பெயர்ப்பலகைகளைப் பார்த்து ஏமாறக்கூடாது, உள்ளக சுயநிர்ணயம் என்று ஒன்று இருக்கிறது என்று கனடாவின் கியூபெக் வழக்கையும் எடுத்துக்காட்டியது. இந்த ஊரில் எழுபது வருசமாகக் கதைத்த விசயத்தை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் குற்றமில்லை என்றது. அதற்கு என்ன சத்தம் கேட்டது? எங்கள் பத்திரிகையில் உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. தோற்றால் எட்டுப் பத்தி, வென்றால் பெட்டி.

ஓய்வுபெற்ற ஒரு சட்ட ஆசிரியர் இரண்டு கிழமை கழித்து அதைப் பற்றித் தமிழில் நீளமாக எழுதிக் கொண்டுவந்தார். கையெழுத்தில், கோடு போட்ட தாளில், ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் தீர்ப்பின் பக்க எண்ணைக் குறித்து. எது தீர்ப்பில் இருக்கிறது, எது தன் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்துக் காட்ட இரண்டு நிற மை. ஞாயிறு இதழில் போட்டோம். நான் அந்த வேலையில் இருந்த காலத்தில் ஒரு தீர்ப்பைப் பற்றி வந்தவற்றில் அதற்கு மேல் ஒன்று வரவில்லை. வாசகர் கடிதம் இரண்டு வந்தது, இரண்டும் எழுத்துப்பிழை பற்றியவை.

ஜூலை 11

அந்தக் கட்டுரையின் பிரதி என்னிடம் இல்லை. கேட்காதேங்கோ.

ஜூலை 12

அளவெட்டி வாசகரும் கனடாவில் இருந்து எழுதும் வாசகர் ஒருவரும் 2013 காணித் தீர்ப்பில் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டு பேரும் பாதி பாதி சொல்லுகிறீர்கள்.

செப்ரெம்பர் 21 வடமாகாண சபைத் தேர்தல், தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38இல் 30 இடம். ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி, அரச காணி மாகாணத்தின் அதிகாரத்துக்குள் இல்லை என்று உயர் நீதிமன்றம். திகதியைப் பார்த்தவுடன் வடக்கை அடிக்கவே போட்ட வழக்கு என்று எல்லோரும் எழுதினார்கள், இன்றுவரை எழுதுகிறார்கள். வழக்கு எங்கே தொடங்கியது? மலையகத்தில், ஸ்ரபோர்ட் தோட்டத்தில். சோலைமுத்து ராசு என்பவரைத் தோட்டக் காணியில் இருந்து எழும்பச் சொல்லி அறிவித்தல் கொடுக்கிறார்கள், அதற்கு எதிரான மனுவை மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்கலாமா என்பதுதான் கேள்வி. அந்தச் சின்னக் கேள்விக்கு விடை சொல்லப் போய்த்தான் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தின் காணிப் பட்டியல் முழுவதையும் வாசித்தார்கள். விளைவு வடக்குக்குப் பாதகம், அதில் எனக்கும் சந்தேகமில்லை. வழக்கே வடக்குக்காகச் சோடித்தது என்பது சரியில்லை.

அடுத்தது, "மூன்று சிங்கள நீதிபதிகள்" என்று கனடாக்காரர் எழுதியிருப்பது. மொகான் பீரிஸ், ஈவா வனசுந்தர, மற்றவர் க. ஸ்ரீபவன், 2015இல் பிரதம நீதியரசராக வந்த அதே ஸ்ரீபவன். அவரும் அதே முடிவுக்குத்தான் வந்தார், ஆனால் மூன்று பேரும் தனித்தனியாக எழுதினார்கள், மூவரும் நடந்துவந்த பாதை ஒன்றில்லை. அவர் எழுதின பகுதியில் இருந்து தொடங்குங்கள். வாசித்துவிட்டு வாருங்கள், பேந்து சண்டை பிடிப்போம்.